எண்ணெய் தூக்கும், பூட்டு தாங்கும்



மோட்டார் சைக்கிளை இடுப்பளவு உயர்த்தி வைத்துப் பழுது பார்க்க உதவும் ஹைட்ராலிக் லிப்ட் இப்போது சில வீடுகளிலும் காணப்படுகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒன்று உண்டு. காலால் மிதித்தால் மேடை உயரும் எளிய வகை அது. பயன்படுத்துகிறவன் என் மகன். பராமரிப்பது என் பொறுப்பு. 200 கிலோவை நெருங்கும் புல்லட்டின் அடியில் அவன் கையை நீட்டும்போதெல்லாம் அந்தப் பொறுப்பின் கனத்தை உணர்கிறேன். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலாவது, அது இயங்கும் விதத்தை அறிந்துகொள்ளுங்கள். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். 1795-இல் ஜோசப் பிராமா அந்த விதியில் இயங்கும் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பம்பின் பிஸ்டன் 1 சதுர சென்டிமீட்டரும், தூக்கும் பிஸ்டன் 20 சதுர சென்டிமீட்டரும் இருந்தால், 10 கிலோ விசை 200 கிலோவைத் தாங்கும். ஆனால் பெரிய பிஸ்டன் 1 சென்டிமீட்டர் உயர, சிறியது மொத்தம் 20 சென்டிமீட்டர் நகர வேண்டும். பலமுறை மிதிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

லிப்ட் கோளாறு காட்டினால் உடனே பிரித்துவிடாதீர்கள். வண்டியை இறக்கிவிட்டு, அறிகுறிகளைக் கவனியுங்கள்.

மிதிக்கும்போது பஞ்சுபோல் அமுங்கினால், எண்ணெயில் காற்று புகுந்திருக்கலாம். இறக்கும் வால்வைத் திறந்து வைத்து 10, 15 முறை மிதித்துவிட்டு, வால்வை மூடிப் பாருங்கள். முழு உயரத்தை எட்டாமல் பாதியில் நின்றால், எண்ணெய் குறைந்திருக்கலாம். மேடையை முழுவதும் இறக்கிய நிலையிலேயே எண்ணெய் நிரப்ப வேண்டும். உயர்ந்த நிலையில் நிரப்பினால், இறங்கும்போது வழிந்துவிடும். ஜாக்கிக்கு உரிய ஹைட்ராலிக் எண்ணெயையே வாங்குங்கள். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அதை மாற்றிவிடுங்கள்.

இவற்றிலெல்லாம் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது, உயர்ந்த மேடை ஓசையின்றி மெல்லத் தாழ்வதே. பிஸ்டன் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தால் சீல் தேய்ந்திருக்கிறது. வெளியே எங்கும் ஈரமில்லையென்றால், இறக்கும் வால்வு சரியாக மூடாமலிருக்கலாம். அல்லது உள்ளே ஒரு தூசித் துகள் வால்வு முழுவதும் மூடவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் போதும், 200 கிலோவைக் கீழே கொண்டுவர.

ஆகையால், எண்ணெய் தூக்குவதற்கு மட்டுமே என்பதை மறவாதீர்கள். தாங்கி நிற்க வேண்டியது இரும்புப் பூட்டுக் கம்பி. மேடை உயர்ந்ததும் கம்பியை அதன் இடத்தில் பொருத்தி, மேடையைச் சற்றே இறக்கி, எடை அதன்மேல் அமர்ந்ததா என்று பாருங்கள். முன்சக்கரத்தைக் கவ்வியில் இறுக்கி, வண்டியை இருபுறமும் பட்டையால் கட்டுங்கள். "பூட்டுப் போட்டாயா, தம்பி?" என்று ஒவ்வொரு முறையும் என் மகனிடம் கேட்கிறேன். அவனுக்குச் சலிப்புதான், ஆயினும் கேட்பதை நான் நிறுத்துவதில்லை. நேற்று தாங்கியது இன்றும் தாங்கும் என்ற நம்பிக்கையைவிட, இன்று பார்த்துத் தெளிவது மேலானது.

பராமரிப்பு பெரிய வேலையல்ல. பிஸ்டன் தண்டைத் துணியால் துடைத்து வையுங்கள். அதில் துரு பிடித்தால் சீலைக் கிழிக்கும். வேலை முடிந்ததும் மேடையை முழுவதும் இறக்கிவிட்டால், தண்டு உள்ளே பாதுகாப்பாக இருக்கும். கீல்களுக்குக் கிரீஸ் இடுங்கள். பற்றவைத்த இணைப்புகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு லிப்ட் இருந்தால், இந்த வாரம் வண்டி ஏற்றாமல் ஒருமுறை உயர்த்தி, அதைச் சுற்றி வந்து பாருங்கள். அதன் அடியில் கையை நீட்டுகிறவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பார்.