விதைநெல்லுச் சாக்கு

2025 ஒக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். காலை ஒன்பது மணிக்குள் ஸ்காபரோவிலிருந்து மச்சான் தொலைபேசி எடுத்துவிட்டார். கத்திக் கத்திக் குரல் அடைத்திருந்தது. “வெண்டிட்டம் மச்சான்! முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு!”

அவர் சொன்னது ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியை. சியாற்றிலோடு ஏழாவது ஆட்டம். ஏழாம் சுற்றில் இரண்டு ஓட்டம் பின்னால் நின்ற நேரத்தில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ஓட்டம் எடுத்துக் கொடுத்தாராம். 1993க்குப் பிறகு அந்த அணி உலகத் தொடருக்குப் போவது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊர் எல்லே விளையாட்டை ஆடிய எனக்குப் பேஸ்போலை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்லேயிலும் அடிப்பதற்கு மூன்று வாய்ப்பு, 55 மீற்றருக்கு ஒரு தரிப்பு, சுற்றி வந்து சேர்ந்தால் ஓட்டம். அவர்களுக்குக் கையுறை உண்டு, எங்களுக்கு வெறுங்கையும் மூங்கில் தடியும்.

பின்னேரம் மைதானத்து வேப்பமரத்தடியில் கழகக் கூட்டம். மார்கழிச் சுற்றுப்போட்டிக்கு ஆள் எண்ணினோம். போன வருடம் ஆடியவர்களில் நாலு பேர் இல்லை. இருவர் கட்டார். ஒருவன் கொழும்பில் வேலை. நாலாமவன் எங்களுக்குப் பந்து போட்டவன். ஆவணியில் கல்யாணம் கட்டி வாவிக்கு அப்பால் பெண் வீட்டோடு போய்விட்டான். மட்டக்களப்பில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போவார். ஒரு தாலி ஏறும்போது ஒரு கழகம் ஆளை இழக்கிறது, இன்னொன்று பெறுகிறது. போன தலைமுறையில் எங்களிடம் ஓங்கி அடித்தவரும் வேறு ஊரிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர்தான்.

2025 ஒக்டோபர் 23, வியாழன்

மழை ஒரு பாட்டம் பெய்து விட்டது. மைதானத்தின் மேற்கு மூலையில் தண்ணீர். மற்றப் பக்கத்தில் ஆடினோம்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் கோடு கீறி, யார் எதில் வல்லவர் என்று எழுதினேன். பிடி எடுப்பவர் மூவர், மூவரும் தரமானவர்கள். அவர்களில் ஒருவன் போன வருடம் முழுக்கக் கரையில் குந்தியிருந்தான். அடிப்பவர்களில் நம்பக்கூடியவன் ஒருவன்தான். எறிபவர்களில் ஒரு பதினாறு வயதுப் பொடியன்.

அவனுடைய தகப்பன் வாவியில் வீச்சு வலை போடுகிறவர். ஏழு எட்டு வயதிலிருந்து இவனும் தோணியில் நின்று வலை வீசியிருக்கிறான். இடுப்பைத் திருப்பி, தோளை விட்டு, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திறக்கும் அந்த அசைவு அப்படியே அவன் பந்து எறிவதிலும் இருக்கிறது. ஓடுகிறவனைத் தூரத்திலிருந்து பந்தால் அடித்து ஆட்டமிழக்கச் செய்கிறான். யாரும் அவனுக்குப் பழக்கவில்லை. ஆனால் எப்போது எறிவது, எப்போது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. அதைப் பழக்க இரண்டு வருடமாவது வேண்டும்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். பேஸ்போலில் பந்து வீசுகிறவன் எதிரி. நாங்கள் ஆடும் எல்லேயில் பந்து போடுகிறவன் நம்முடைய ஆள். அடிப்பவனின் தோளுக்கு எந்த உயரத்தில் பந்து வந்தால் தடியின் நடுவில் படும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அடிகாரனுக்கு அது தெரிந்தவன் வாவிக்கு அப்பால் இருக்கிறான். அவன் போனபோது போனது ஓர் ஆள் என்று நினைத்தோம். உண்மையில் இரண்டு பேரின் ஆட்டம் போயிருக்கிறது.

2025 ஒக்டோபர் 25, சனி

டொட்ஜர்ஸ் அணியோடு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை ரொறன்ரோ 11க்கு 4 என்று வென்றுவிட்டது. மச்சான் நல்ல மனநிலையில் இருந்தார். “இவ்வளவு பேரையும் எப்படிச் சேர்த்தவங்க?” என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் கதைத்தார். கொப்பியில் குறித்தவை இவை.

வளர்த்தவர்: விளாடிமிர் குரேரோ ஜூனியரை 2015இல், 16 வயதில், டொமினிக்கன் குடியரசிலிருந்து 39 இலட்சம் டொலருக்கு எடுத்தார்கள். சிறிய அணிகளில் ஆடவிட்டு 2019இல்தான் பெரிய அணிக்குக் கொண்டுவந்தார்கள். இந்த ஏப்ரலில் 14 வருடத்துக்கு 50 கோடி டொலர் ஒப்பந்தம்.

மாற்றியவர்: டோல்ற்றன் வார்ஷோ. 2022 டிசம்பரில் அரிசோனாவிடமிருந்து அவரை எடுக்க, தாங்கள் வளர்த்த கேப்ரியல் மொரேனோவையும் லூர்டெஸ் குரியலையும் கொடுத்தார்கள். பந்து தடுப்பதில் வல்லவரான அன்ட்ரேஸ் ஹிமேனஸ் போன டிசம்பரில் கிளீவ்லாண்டிலிருந்து வந்தவர்.

விலை கொடுத்தவர்: ஸ்பிரிங்கர். 2021இல், ஆறு வருடத்துக்கு 15 கோடி டொலர்.

மற்றவர் கைவிட்டவர்: ஏர்னி கிளமென்ற். 2023இல் ஓக்லாண்ட் விடுவித்ததும் இவர்கள் சிறிய அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒக்டோபரில் அவர் அடித்துக் குவிக்கிறாராம்.

இளையவர்களை வளர்க்கும் சிறிய அணிகளை அங்கே ‘பண்ணை’ என்றுதான் சொல்வார்களாம். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிடம் வளர்ந்த ஆட்டக்காரரை வாங்கக் காசில்லை. பிராஞ்ச் ரிக்கி என்பவர் சிறு ஊர்க் கழகங்களைக் கையில் எடுத்து, பொடியன்களை அங்கே வளர்த்தார். 1926இல் அந்த அணி முதல் தடவையாக உலகத் தொடரை வென்றது. காசில்லாதவன் கண்டுபிடித்த வழியைப் பிறகு காசுள்ளவர்களும் பின்பற்றினார்கள்.

பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் திண்ணையில் இருந்த விதைநெல்லுச் சாக்கைத் திரும்பிப் பார்த்தேன். இந்தக் கிழமை விதைக்க வேண்டும்.

2025 ஒக்டோபர் 28, செவ்வாய்

விடியப்புறம் வயல் வட்டைக்குப் போனேன். என்னுடையது மானாவாரிக் காணி, புழுதி விதைப்பு. நெல்லை மண்ணில் இட்டுவிட்டு வானத்தை நம்பியிருக்க வேண்டியதுதான். ஐந்தரைக்கு ரொறன்ரோவின் மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. விதைத்து முடித்துக் கை கழுவும்போதும் முடியவில்லை. மத்தியானச் சோற்றுக்கு இருந்தபோதுதான் மச்சானின் செய்தி வந்தது. 18 சுற்று, ஆறரை மணித்தியாலத்துக்கும் மேல், கடைசியில் தோல்வி.

பின்னேரம் வாவிக்கு அப்பால் உள்ள கழகத்திலிருந்து இருவர் வலையிறவுப் பாலம் கடந்து வந்தார்கள். மரியாதையாக வந்தார்கள், மரியாதையாகக் கதைத்தார்கள். அவர்களிடம் ஓங்கி அடிக்கிறவர் மூவர். ஒருவரைத் தருவார்களாம். எங்களிடமிருந்து அந்தப் பதினாறு வயதுப் பொடியன் வேண்டுமாம்.

மாற்றுவதில் பிழை இல்லை. எங்கள் படுவான்கரையிலிருந்து நெல்லும் தயிரும் போய், வாவிக்கு அப்பால் எழுவான்கரையிலிருந்து மீனும் கருவாடும் வந்து வளர்ந்த ஊர்கள்தான் எங்களுடையவை. கொம்புமுறி விளையாட்டில்தான் வடசேரி, தென்சேரி என்று பிறப்போடு பக்கம் வரும். அது கண்ணகை அம்மனுக்கு ஆடுவது. கழக ஆட்டம் அப்படியல்ல. ஆள் போகலாம், வரலாம். ஆனால் மிஞ்சிய தயிரைத்தான் வாவிக்கு அப்பால் அனுப்பினோம், கன்றுக்கு வைத்த பாலை அனுப்பவில்லை.

இதை அவர்களிடம் சொல்லவில்லை. “கூட்டத்தில் வைத்துச் சொல்லுறம்” என்று அனுப்பினேன்.

2025 ஒக்டோபர் 30, வியாழன்

இன்று காலை ரொறன்ரோவின் ட்ரே யெசவேஜ் என்ற 22 வயதுப் பந்து வீச்சாளர் டொட்ஜர்ஸ் அணியின் 12 பேரை வீசியே வெளியேற்றினார். உலகத் தொடரின் ஓர் ஆட்டத்தில் ஒரு புதியவர் இவ்வளவு பேரை வெளியேற்றியது இதுவே முதல் தடவை. 6க்கு 1 வெற்றி. இந்த வருடம் தொடங்கியபோது அவர் பண்ணையின் கீழ்த்தட்டில் இருந்தாராம். நாலு தட்டு ஏறி, செப்டெம்பரில்தான் பெரிய அணியில் முதல் ஆட்டம்.

இரவு கூட்டம். முக்கால்வாசிப் பேர் பொடியனைக் கொடுக்கலாம் என்றார்கள். “இந்த முறை வென்றால்தான் மற்றப் பொடியன்களும் வருவாங்க” என்றார் தலைவர். அது வெறும் பேச்சல்ல. வெல்லாத கழகத்துக்கு ஆள் சேராது என்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

நான் இரண்டு கதை சொன்னேன். 1992 ஓகஸ்ட்டில் ரொறன்ரோ, ஜெஃப் கென்ற் என்ற இளையவரையும் இன்னொருவரையும் கொடுத்து டேவிட் கோன் என்ற பந்து வீச்சாளரை எடுத்தது. அந்த வருடமே உலகத் தொடரை வென்றார்கள். கோன் அந்தப் பருவத்தோடு போய்விட்டார். கென்ற் 2000இல் தன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வேறு அணிக்காகப் பெற்றார். அந்த மாற்று பிழை என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் பண்ணை நிறைய ஆள் இருந்தது, ஒருவரைக் கொடுக்கலாம். எங்களிடம் எத்தனை பேர்?

மற்றது ரின்கு சிங்கும் தினேஷ் பட்டேலும். ஈட்டி எறிந்துகொண்டிருந்த இரண்டு வட இந்தியப் பொடியன்கள். 2008இல் இந்தியாவில் நடந்த எறிதல் போட்டியிலிருந்து பிட்ஸ்பேர்க் அணிக்குப் போனார்கள். கைப்பலம் இருந்தது. சிறு வயதிலிருந்து ஆட்டத்தோடு வளரும் வாய்ப்பு இருக்கவில்லை. இருவரும் சிறிய அணிகளைத் தாண்டவில்லை. கை மட்டும் ஆட்டக்காரன் ஆகாது. அதைச் சுற்றி வருடங்கள் வேண்டும். அந்த வருடங்களைக் கொடுக்கத்தான் ஊர்க் கழகம் இருக்கிறது.

அப்போது மூத்தவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “சண்டைக்காலத்தில் பாலத்தைக் கடக்க எத்தனை சோதனை. அந்த வருசங்களில் மைதானத்தில் வளர்ந்தவன் ஒருத்தனும் இல்ல. விதைநெல்லும் இல்லாமப் போன காலம் அது. இப்ப முளைச்சு வாறதைப் பிடுங்கிக் குடுக்கவா?”

யாரும் மறுத்துக் கதைக்கவில்லை. பிறகு நான் கேட்டேன்: அவர்களிடமிருந்து அடிகாரனை எடுப்பதற்குப் பதில், எங்கள் பந்து போடுகிறவனைத் திரும்பக் கேட்டால் என்ன? அங்கே அவர்களுக்கு வேறொருவன் பந்து போடுகிறான். இவன் கரையில் இருக்கிறான். எங்களிடம் கரையில் இருக்கும் பிடிகாரனைக் கொடுப்போம். இரண்டு பேருக்கும் ஆட இடம் கிடைக்கும்.

2025 நவம்பர் 2, ஞாயிறு

ரொறன்ரோ தோற்றுவிட்டது. பதினோராம் சுற்றில், 5க்கு 4. மச்சான் அழவில்லை என்றார். அழுதிருக்கிறார் என்று குரல் சொன்னது.

ஒன்பதாம் சுற்றில் 4க்கு 3 என்று முன்னால் நின்றார்கள். இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் கிண்ணம். அந்த இடத்தில் மிகேல் ரோஹாஸ் அடித்துச் சமப்படுத்தினார். பெரிய அணி ஆட்டத்தை டொட்ஜர்ஸில் தொடங்கி, 2014இல் வேறு அணிக்குக் கொடுக்கப்பட்டு, 2023இல் திரும்ப எடுக்கப்பட்டவர் அவர். பதினோராம் சுற்றில் வெற்றி அடியை அடித்தவர் வில் ஸ்மித். டொட்ஜர்ஸ் 2016இல் தெரிவு செய்து தாங்களே வளர்த்தவர். காசு நிறைந்த அணி என்றுதான் எல்லோரும் அவர்களைச் சொல்கிறார்கள். கடைசி நேரத்தில் அவர்களைக் காப்பாற்றியவர்கள் வீட்டில் வளர்ந்தவரும் வீடு திரும்பியவரும்.

ஸ்மித் அடித்த அந்தப் பந்தை வீசிய ஷேன் பீபரை ரொறன்ரோ ஜூலையில் ஓர் இளையவரைக் கொடுத்து எடுத்தது. அந்த ஒரு பந்தை வைத்து மாற்றைப் பிழை என்று சொல்லக்கூடாது. அவர் இல்லாமல் அவ்வளவு தூரம் வந்திருப்பார்களோ தெரியாது.

பின்னேரம் பிடிகாரனைக் கூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்தேன். போகமுன் அவனுடைய வீட்டில் தாயிடம் கேட்டேன், அவனிடமும் கேட்டேன். “நான் என்ன பிழை விட்டன் மாமா?” என்றான். “பிழை இல்ல மனே. இஞ்ச உனக்கு இடமில்ல, அங்க இருக்கு. நீ ஆட வேணும்” என்றேன். பாலத்தின் நடுவில் என் தோளை ஒருமுறை பிடித்துக்கொண்டான். இரண்டு கழகமும் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டன. ஆளை மாற்றுவது கொப்பியில் ஒரு கோடு. தோளில் அந்தக் கை எவ்வளவு பாரம் என்று எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

2025 நவம்பர் 9, ஞாயிறு

வட்டையில் முளை தெரிகிறது. வரம்பில் நின்று பார்த்தால் மண்ணுக்கு மேல் மெல்லிய பச்சை.

பந்து போடுகிறவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவள் மரத்தடியில் இருந்து பார்த்தாள். முதல் பந்து அடிகாரனின் தோளுக்குச் சற்றுக் கீழே வந்தது. தடியின் நடுவில் பட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சத்தம். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்டோம்.

பொடியன் தூரத்தில் நின்றான். ஓடியவனைக் குறி வைத்துக் கையைத் தூக்கினான். எறிவான் என்று நினைத்தேன். ஓடியவன் தரிப்பை எட்டிவிடுவான் என்று கண்டு கையைத் தாழ்த்தி, பந்தை வைத்துக்கொண்டு நின்றான். முதல் தடவை.

இந்த மார்கழியில் நாங்கள் வெல்வோமா என்பதை அவன் எறியும் பந்து சொல்லாது. எறியாமல் வைத்திருந்த இந்தப் பந்தைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.