சத்தம் போடாத பாடம்

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையில் நான் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் கரும்பலகைதான் சுவர். அந்தப் பக்கம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிப்பார்கள். அதனால் என் மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்குச் சத்தமில்லாத விளையாட்டு ஒன்று தேவைப்பட்டது. சீட்டில் ஒரு சொல் இருக்கும். வாய் திறக்காமல் நடித்துக் காட்ட வேண்டும். தெரிந்தவர் கை உயர்த்த வேண்டும்.

யானையும் குரங்கும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ‘அம்மா’ என்ற சீட்டு வந்தால்தான் எங்கள் மலை தெரியும். எங்கள் பிள்ளைகளின் அம்மா அடுப்படியில் நிற்கமாட்டாள். நெற்றியில் கூடைக்கயிறு, இடுப்பில் படங்கு, இரண்டு கையும் கொழுந்து கிள்ளித் தோளுக்குப் பின்னால் வீசும். அந்த வேகத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நடிப்பு அவர்களுக்குப் புதிதுமல்ல. மாசி பிறந்தால் லயங்களில் காமன் கூத்து. பகலில் மலையில் கவ்வாத்து வெட்டிய அப்பா, இரவில் மன்மதனாக ஆடுவார். தப்புச் சத்தத்தில் தூக்கம் கலைந்து, தாத்தாவின் கம்பளிக்குள் இருந்தபடி பார்த்து வளர்ந்த பிள்ளைகள்.

ஒருமுறை ஒருவன் ரயிலாக ஓடினான். அவனுடைய தாத்தா பார்த்த ரயில் அது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போன சின்ன ரயில். 1940களிலேயே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். பேரனின் முழங்கைகளில் அது மறுபடி மேடேறியது.

அம்மா சீட்டை ஒருநாள் எடுத்தவள், வகுப்பில் வாயே திறக்காத சிறுமி. கொழுந்து பறித்தாள். கூடையை இறக்கித் தராசில் வைத்தாள். அண்ணாந்து முள்ளைப் பார்த்தாள். பத்து விரலையும் விரித்தாள். பிறகு இரண்டை மடக்கினாள். முகம் வாடிப்போனது.

கை உயர்த்த மறந்து ஒருவன் கத்தினான்: “சேர், ரெண்டு கிலோ கழிச்சிட்டாங்க!”

சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறுவையில் வெட்டுவது அந்த வயதிலேயே அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. கழித்தல் விளங்காத பிள்ளைகள் என்று நான் நினைத்திருந்தவர்கள் அவர்கள்தான். மறுநாள் கணக்குப் பாடத்தைப் புத்தகத்தில் தொடங்காமல் தராசில் தொடங்கினேன். அந்தச் சிறுமி பலகைக்கு வந்து பத்திலிருந்து இரண்டைக் கழித்தாள். எட்டை எழுதிவிட்டு, அம்மாவுக்கு வரவேண்டியது பத்துதான் என்றும் சொன்னாள். கணக்கோடு நியாயமும் தெரிந்த பிள்ளைக்குப் பேச ஓர் இடம் கொடுப்பதுதான் வாத்தியார் வேலை.