குழாய் வைத்த பிள்ளை

25 வருடங்களுக்கு மேலாகிறது. சம்பளப் போராட்டம் பற்றி எழுதுவதற்காக ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்து வாசலில் ஒரு தாய் தன் கைக்குழந்தையை மடியில் கிடத்தியிருந்தார். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. கண்மணிகள் கீழ்நோக்கி இறங்கியிருந்தன. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளை. முதுகைத் தைத்துவிட்டார்கள். ஆனால், இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு மூளையில் சுரக்கும் நீர் வடிய வழியின்றித் தலையிலும் தேங்கிவிடுகிறது.

இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். தலையிலிருந்து தோலுக்கு அடியால் வயிறுவரை மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, நீரை வடியச் செய்தார்கள். நான் நாலு பத்திச் செய்தி எழுதினேன். தலைப்பில் 'வெற்றிகரமான சத்திரசிகிச்சை' என்று இருந்தது. ஆசிரியர் பாராட்டினார். என்னளவில் கதை முடிந்தது.

அந்தக் குழாயின் அடைப்பிதழுக்கு ஒரு தகப்பனின் வரலாறு உண்டு. அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, இதே குறையுடன் பிறந்த தன் மகனுக்காக வீட்டுப் பட்டறையில் அதை உருவாக்கினார். 1956இல் அது பாவனைக்கு வந்தது. அதுவரை இப்பிள்ளைகளுக்கு நம்பகமான மருத்துவம் என்று ஒன்று இருக்கவில்லை. ஆனால் குழாய் அடைபடும். இரண்டு வருடங்களுக்குள் 40 வீதமளவில் பழுதாகின்றன என்கிறார்கள். அப்போது வாந்தி வரும், பிள்ளை ஓயாமல் தூங்கும். மணித்தியாலக் கணக்கில் மீண்டும் சத்திரசிகிச்சை மேசைக்குப் போயாக வேண்டும்.

மூன்று வருடங்கள் கழித்து வேறு வேலையாக அதே தோட்டத்துக்குப் போனேன். பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "தூங்கிக்கிட்டே இருந்தான் ஐயா. காய்ச்சல்னு மருந்து குடுத்தாங்க. மழைக்கு ரோட்டு ஒடஞ்சி லொறி வரல. மூணாம் நாளுதான் கொண்டுபோனோம். உசிரு நின்னுச்சு, கண்ணு போயிருச்சு" என்றார் தாய். வாந்தியும் தூக்கமும் ஆபத்தின் அறிகுறிகள் என்று நான் அந்த நாலு பத்தியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உகண்டாவின் ம்பாலே நகரில் பணிபுரிந்த பெஞ்சமின் வோஃப் என்ற மருத்துவர் இந்தத் தூரத்தைத்தான் கணக்கிலெடுத்தார். குழாய் அடைபட்டால் கிராமத்துத் தாய் திரும்பி வர மாட்டாள் என்பதால், உள்நோக்கியால் மூளையறையின் தரையில் துளையிட்டு, நீர் சுரக்கும் இழையத்தையும் சுட்டுவிடும் முறையை அங்கு வளர்த்தெடுத்தார். 100 சிசுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. 12 மாதங்களின் பின் பிள்ளைகளின் வளர்ச்சியில் இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பலிப்பதில்லை. பலித்தால், உடம்பில் அடைபடக் குழாய் இல்லை.

இன்று கைத்தொலைபேசி இருக்கிறது, 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. பெரிய வீதியிலிருந்து லயம்வரை ஏறும் அந்தக் கல்லுப்பாதையைத்தான் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

நான் விடைபெற்றபோது அந்தத் தாய் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். புகை படிந்த சாமிப்படத்துக்குப் பக்கத்தில் என் செய்தி ஒட்டப்பட்டிருந்தது.