பேர் இல்லாத நாளின் எண்ணெய்

இலங்கையின் எஹலியகொடவில் மழை பிடித்தால் ரப்பர் வெட்டு இல்லை. பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போனவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் காசும் இல்லை. அந்த மாதிரி நாளில்தான் எங்கள் அம்மாயி தலைக்கு எண்ணெய் காய்ச்சும்.

அதற்கு வேண்டிய நெல்லி அந்த ஈர மண்ணில் தானாகச் செழிக்கிற மரமில்லை. ஊவாப் பக்கம் பிபிலை, நில்கலைப் புல்வெளிகளில் கடுக்காயோடும் தான்றியோடும் சேர்ந்து நிற்கும், தீ பட்டாலும் மறுபடி துளிர்க்கும். எங்களுக்கு அது வற்றலாகத்தான் கிடைத்தது. கடைவீதியில் சிங்கள மருந்துக் கடை ஒன்றில் அரலு, புலு, நெல்லி என்று மூன்று சாக்குகள் வாய் திறந்து கிடக்கும். தமிழில் கடுக்காய், தான்றி, நெல்லி. மூன்றும் சேர்ந்தால் திரிபலா.

காய் புளித்தாலும் உடம்புக்குக் குளிர்ச்சி என்பார் அங்கிருந்த வைத்தியர், வெதமாத்தயா. அறுசுவையில் உப்பைத் தவிர ஐந்தும் அதில் உண்டாம். பித்தம் ஏறினால் மயிர் சீக்கிரம் நரைக்கும், நெல்லி பித்தத்தை இறக்கும் என்பது அவர் கணக்கு, ஆயுர்வேத நூல்களின் கணக்கும் அதுதான். நீலிபிருங்காதித் தைலத்தில் அவுரி, கரிசலாங்கண்ணிச் சாறுகளோடு நெல்லிச்சாறும் சேர்கிறது. அம்மாயிக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. கானோரம் முளைத்த கரிசலாங்கண்ணி தெரியும், அவ்வளவுதான்.

இரவே மழை வலுத்தால் இரும்புத் தாச்சியில் வற்றலை ஊறப்போட்டுவிடும். விடியும்போது தண்ணீர் கன்னங்கரேலென்று இருக்கும். நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. பழைய காலத்து எழுத்து மையும் இதே வித்தையில் பிறந்ததுதான். அந்தத் தண்ணீரையும் கரிசலாங்கண்ணிச் சாற்றையும் தேங்காய் எண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் வைத்து, அடி பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் தங்கும் வண்டலை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்க்கும். திரியாகத் திரண்டால் பதம் நெருங்கிவிட்டது. பிறகு துணித்திரி ஒன்றை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தும். படபடவென்று வெடித்தால் ஈரம் இன்னும் போகவில்லை. சத்தமில்லாமல் எரிந்தால், "எறக்கு புள்ள" என்று என்னிடம் கந்தைத் துணியை நீட்டும்.

இறக்கிய எண்ணெய் ஆறும் முன்பே வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பெண்கள் வரிசை கட்டிவிடுவார்கள். ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. ரப்பர் பால் தெறித்து மயிரில் இழையிழையாக ஒட்டியிருக்கும். எண்ணெய் விட்டு ஊறவைத்தால்தான் அது உரிந்து வரும். அன்று மத்தியானச் சாப்பாடு ரொட்டியும் கட்டச்சம்பலும், சில நாள் அதுவும் பாதி வயிற்றுக்கு. எங்களுக்குப் பசி தெரிந்தமாதிரியே இல்லை.

அந்த எண்ணெயால் முடி வளர்ந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன். நெல்லியை உண்டால் உடம்புக்கு நல்லது, அதில் வைட்டமின் சி நிறைய. தேய்த்தால் மயிர் அடரும் என்பதற்கு உறுதியான ஆராய்ச்சி குறைவு. அம்மாயிக்கு அறுபதிலும் நரை குறைவாகத்தான் இருந்தது. அது வம்ச குணமாகவும் இருக்கலாம்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எங்களுக்கு இந்தியா விழுந்தது, மாமா வீட்டுக்கு இலங்கை. அம்மாயி மாமாவோடு நின்றுகொண்டது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறியபோது எங்கள் பெட்டியில் துணி சுற்றிய போத்தல் ஒன்று இருந்தது. ராமேஸ்வரத்தில் பார்த்தால் பாதி கசிந்து அம்மாவின் சேலையெல்லாம் ஒரே வாசம்.

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையிலும் ரப்பர்தான். சந்தையில் ஒட்டுநெல்லி கிடைக்கிறது, ஒவ்வொன்றும் பெரிய எலுமிச்சை அளவு, சாறும் அதிகம். சின்ன நெல்லியின் துவர்ப்பு அதில் இல்லை என்பது என் பிடிவாதம். ஆனால் இங்கே மரத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மழையிலும் பால் எடுக்கிறார்கள். கூலி கெடுவதில்லை. அம்மா அதற்காகச் சந்தோஷப்பட்டாள், அதில் தப்பே இல்லை. எண்ணெய் காய்ச்சுவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது. பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கும் வேறு வேலை வந்துவிட்டது.