கற்ற இசையும் உற்ற தொழிலும்

கடலூர் முதுநகரினின்றும் சிதம்பரம் நோக்கிச் செல்லும் பெருவழியிலே, உப்பனாற்றின் மருங்கே, சிப்காட் தொழிற்பேட்டை என்னும் இடம் உளது. அவ்வழிச் செல்லும் பேருந்து ஆண்டு வந்துற்றபொழுது சிலர் சாளரத்தைச் சாத்துவர். சிலர் மேலாடையால் மூக்கினைப் பொத்துவர். அப்பேட்டையிலுள்ள தொழிற்சாலை ஒன்றிலே, பண்டகசாலைக் கணக்கனாக எளியேன் 32 ஆண்டுகள் பணி செய்தேன். அதற்கு முன்னர் யான் பயின்றது இரசாயனமன்று, கணக்குமன்று, இசை. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே வாய்ப்பாட்டிற் பட்டம் பெற்றவன் யான். இவ்விரண்டும் எங்ஙனம் ஒருவன்பாற் பொருந்தின என்று வினாவாதார் இலர். யானும் பல்லாண்டு அவ்வினாவுக்கு நாணியே வாழ்ந்தேன். இவ்வாண்டு என் மகள், அதே துறையிற் சேர விழைந்து, விண்ணப்பத்தாளை என்முன் வைத்தனள். கையெழுத்திடுமுன் மூன்று இரவு எனக்கு உறக்கமில்லை. அவ்விரவுகளில் எண்ணியவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன். பெரியோர் பொறுத்தருள்க.

இந்நிலப்பகுதிக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. திருவாமூரிலே பிறந்த மருணீக்கியார், தருமசேனராய்க் கற்றுப் புகழெய்தியது திருப்பாதிரிப்புலியூரிலிருந்த சமணர் பள்ளியில். பின்னர் நாவரசராகிக் கல்லே புணையாகக் கரையேறியதும் அவ்வூரின் அருகேயாம். தில்லையிலே அடைபட்டுக் கிடந்த தேவார ஏடுகளை அரசனும் நம்பியாண்டார் நம்பிகளும் வெளிப்படுத்திய வரலாறு அன்பர் யாவரும் அறிந்ததே. ஆயின் அவ்வரலாற்றின் பிற்பகுதியை நம்மிற் பலர் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. பண்ணடைவு வகுத்தற்கு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைத் திருஎருக்கத்தம்புலியூரிலே தேட வேண்டியதாயிற்று என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வூர் விருத்தாசலத்திற்கு அணித்தாய், இராசேந்திரப்பட்டினம் என்னும் பெயரோடு இன்றும் உளது. அரசன் வருமளவும் அவ்வம்மையார் எதனால் உயிர் வாழ்ந்தனர்? புராணம் கூறிற்றிலது. வயலில் நாற்று நட்டனரோ, நெற்குற்றினரோ, யாரறிவார்? கேட்பாரும் கொடுப்பாரும் இல்லாத காலத்தும் அவர் பாடுதலை ஒழிந்திலர் என்பது மட்டும் தெளிவு. ஒழிந்திருப்பரேல், அரசன் வந்து கேட்ட அன்று சொல்லுதற்கு அவர்பால் ஒன்றும் இருந்திராது.

நிற்க. 1929-இல் அரசர் அண்ணாமலைச் செட்டியார் தில்லையின் கீழ்த்திசையிலே பல்கலைக்கழகம் நிறுவிய அவ்வாண்டே இசைக் கல்லூரியும் தோன்றிற்று. பின்னர் அது பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சபேசய்யரும், தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளையும், டைகர் வரதாச்சாரியாரும் கற்பித்த இடம் அது. 1941-இல் தமிழிசை மாநாடு கூடியதும் அண்ணாமலைநகரிலேயே. பிற்காலத்தே தண்டபாணி தேசிகர் அங்கமர்ந்து பணியாற்றினர். வளவனூரிற் பிறந்த எஸ். இராமநாதன் அங்கே பயின்று, சிலப்பதிகார இசையை ஆராய்ந்து, அமெரிக்காவிலே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவராகி, 1985-இற் சங்கீத கலாநிதி என்னும் சிறப்பும் பெற்றனர். எம் வகுப்பறையில் இவர் பெயரே நாடோறும் கேட்கும். எம்முள் ஒவ்வொருவனும் தான் அடுத்த இராமநாதன் என்றே கருதியிருந்தான். கல்விக்கூடங்கள் தம்மிடம் பயின்று உயர்ந்தாரைக் காட்டுதல் இயல்பே, குற்றமன்று. பயின்று உயராதாரையும், அவர் என் செய்கின்றனர் என்பதையும், ஒருநாளேனும் சொல்லியிருக்கலாம்.

என்னோடு பயின்றார் எண்மர். ஒருவர் அரசு இசைப்பள்ளியில் ஆசிரியரானார். ஒருவர் நாட்டியக் குழுக்களுக்குப் பின்பாட்டுப் பாடி ஊர்தோறும் திரிகின்றனர். ஒருவர் பண்ணுருட்டியிற் பலசரக்குக் கடை வைத்துளர். ஒருவர் மணம்புரிந்து சென்ற வீட்டிலே பாடுதல் விலக்கப்பட்டார். அவர் குரலே எம்மனைவரினும் சிறந்தது. ஏனையோரைப் பற்றி யான் அறியேன்.

1988-இல் யான் பட்டம் பெற்று வெளிப்போந்தபொழுது எதிர்நின்ற வழிகள் சிலவே. பள்ளிகளில் இசையாசிரியர் இடம் அரிது. வேலைவாய்ப்பு அலுவலகத்திற் பெயர் பதிந்து காத்திருந்தேன். அரசு இசைப்பள்ளிகளிலோ குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதம் என ஏழு துறை. துறைக்கு ஓராசிரியர் அமைதலே பெரிது. புதுவை வானொலியிலே குரற்றேர்வு எழுதிப் பி வகுப்பிற் றேறினேன். சில திங்களுக்கு ஒருமுறை அழைப்பு வரும். வந்த தொகை வழிச்செலவு போக வீட்டிற்கு ஒரு வாரம் காணும். கோயில் ஒன்றில் ஓதுவாராக அமரும்படி அழைத்தனர். மாத ஊதியத்தைக் கேட்டேன். அரிசிக்கும் போதாது. தந்தையார் நோயுற்றிருந்தார், தங்கைக்கு மணம் ஆகவில்லை. யான் மறுத்தேன். அன்றிரவு கோயிலின் முன்னே நின்று நெடுநேரம் அழுதேன் என்பதை எழுதுதற்கு இப்பொழுது நாணவில்லை.

1992-இற் பேட்டையிற் பணி கிடைத்தது. இரண்டாண்டு கழிந்து ஒருநாள், பிற்பகல் முறைக்காகச் சிதம்பரத்தினின்றும் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். புதுச்சத்திரத்திலே என் ஆசிரியர் ஏறினர். எனக்குத் தேவாரப் பண்களைப் படிப்பித்தவர் அவரே. அருகே அமர்த்திக்கொண்டு, "எங்கே அப்பா பாடம் சொல்கிறாய்?" என்றனர். பாடம் சொல்கின்றேனா என்று கேட்டிலர். எங்கே என்றே கேட்டனர். "கடலூரிலே ஒரு பள்ளியில், ஐயா" என்றேன். மகிழ்ந்தனர், எத்துணை மாணவர் என்றனர், முப்பதின்மர் என்றேன். ஆலப்பாக்கம் கடந்தது. பேட்டை வந்தது. யான் இறங்கவேண்டிய இடம் அதுவே. எழுந்திலேன். கடலூர் வரை சென்று, அவரை வணங்கி விடைபெற்று, மாறிவந்த பேருந்தொன்றைப் பிடித்து வாயிலை அடையுமுன் நேரம் கடந்தது. அரைநாட் கூலி போயிற்று. பொய்க்கு அன்று கொடுத்த விலை அதுவே, பின்னும் கொடுக்கவேண்டியிருந்தது.

இராமுறைப் பணியிலே பண்டகசாலைக்கு நடுயாமத்தின்பின் வருவார் அரியர். கட்டடத்தின் பின்புறம் மின்மாற்றி ஒன்று ஓவாது முழங்கிக்கொண்டிருக்கும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. அதனால் மின்மாற்றியின் முழக்கம் நொடிக்கு 100 அதிர்வாக ஒலிக்கும். யான் பாடுவது ஒரு கட்டைச் சுருதி. அதன் மந்தர பஞ்சமம் ஏறத்தாழ 98 அதிர்வு. ஆதலின் அம்முழக்கம் என் பஞ்சமத்தை அணுகி நின்றது. தம்புரா வாங்கப் பொருளில்லாத எனக்கு அதுவே தம்புராவாயிற்று. கணக்கேட்டை மூடிவைத்து, சுவரருகே நின்று, வாய் திறந்தும் திறவாதும் பாடுவேன். காவலர் ஒருவர் முதலில் எனக்குப் பித்தென்று கருதினர். பின்னர்த் தாமே பண்பெயர் கேட்டு அறிந்தனர். இராப்பண்கள் அங்கே, பணி முடிந்து ஆறு மணிக்கு வெளிப்போந்து, கைகால் கழுவி, திருப்பாதிரிப்புலியூர்த் திருக்கோயிலை அடைந்தால் அங்கே புறநீர்மை. ஒருவரும் என்னை அமர்த்திலர், ஒருவரும் விலக்கிலர். அருச்சகர் சில நாள் ஒரு பிடி திருவமுது தருவர்.

இவ்வாறு சில ஆண்டு சென்றபின், ஒரு கார்த்திகைச் சோமவாரத்தன்று விடியலிற் பாடிமுடித்துத் திரும்புகையில், தூணருகே என் ஆசிரியர் நின்றிருந்தனர். என் உடம்பின்மேல் தொழிற்சாலைச் சட்டை. பையின்மேல் அதன் பெயர். யான் ஒன்றும் சொல்லுமுன் அவர் சொன்னது இது: "சுருதி ஒரு கட்டைக்குச் சற்றே ஏறி நிற்கிறது. எந்தப் பெட்டி வைத்துப் பழகுகிறாய்?" என் செய்வது! மின்மாற்றியைச் சொன்னேன். அதனைச் சொல்ல, ஏனையவும் தாமே வெளிவந்தன. பேருந்திற் சொன்னது பொய் என்றேன். "அன்றே அறிவேன். நடத்துநர் உன்னைப் பார்த்துச் சிப்காட் சிப்காட் என்று இருமுறை கூவினார், நீ தலையைக் குனிந்துகொண்டாய்" என்றனர். பின்னர்ச் சிறிது நேரம் பேசாதிருந்து, காந்தாரம் இடந்தவறிய ஓரிடத்தை மும்முறை பாடிக் காட்டினர். அவ்வளவே. வசையுமில்லை, தேற்றுதலுமில்லை. அடுத்த திங்கள் அவர் அனுப்பிய சுருதிப்பெட்டி என்பால் இன்றும் உளது.

அவர் செய்கையை யான் பலகால் எண்ணியதுண்டு. தொழிலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாது பாட்டைத் திருத்தினரே, அஃது ஏன்? ஆனாய நாயனார் வரலாறு அப்பொழுது எனக்கு வேறு பொருள் தந்தது. அவர் ஆநிரை மேய்ப்பதை விடுத்துக் குழலூதப் போயினாரல்லர். மேய்க்குமிடத்தே நின்று ஐந்தெழுத்தைக் குழலிலே ஊதினர். பசுக்கள் அங்கேயே நின்றன. ஆதனூர்த் திருநாளைப்போவாரோ, முழவுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் உதவினவர். அவர் கைத்தொழிலின்றி அக்காலத்துக் கோயிற்களில் இசை எழுந்திராது. நேர்மாறாகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கு யாழே தொழில், யாழே வழிபாடு. இவ்விரு நெறியாரையும் சேக்கிழார் ஒரு நிரையிலேயே வைத்தனர். மேல்கீழ் வகுத்தது நாம்.

தொழிற்சாலையிற் பொறியாளராயிருந்த நண்பர் ஒருவர் அமெரிக்கரான சார்லஸ் ஐவ்ஸ் என்பாரைப் பற்றிக் கூறினர். அவர் யேல் பல்கலைக்கழகத்தில் இசை பயின்று 1898-இற் பட்டம் பெற்றவர். மனைவி மக்கள் பசித்திருக்க இசையை நம்புதல் தகாதென்று கருதி, நியூயார்க்கிலே ஆயுட் காப்புறுதித் தொழிலிற் புகுந்து, அதிற் பெரும்பொருளும் ஈட்டினர். இரவும் விடுமுறையும் இசை இயற்றற்கே. பல்லாண்டுகள் அவரைக் கேட்பார் அரியர். நூற்றாண்டின் தொடக்கத்தே அவர் இயற்றிய மூன்றாம் சிம்பொனி 1946-இலேயே அரங்கேறி, மறுவாண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அந்த 1947-இலேதான் விபுலானந்த அடிகளின் யாழ்நூலும் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. அடிகளும் அறிவியல் ஆசிரியராய்த் தொடங்கி, அண்ணாமலையிலே தமிழ்ப் பேராசிரியராய் இருந்து, ஓய்ந்த நேரமெல்லாம் கூட்டியன்றோ அந்நூலைச் செய்தனர்!

இவற்றைச் சொல்லுங்கால் ஒரு பிழை நேர்தல் கூடும். அதனை இங்கேயே தடுத்தல் வேண்டும். இசைவாணர் பிறதொழில் செய்தே பாடுக, அதுவே தொண்டு என்று செல்வர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றேன். அஃது அறமன்று. யான் அன்று மறுத்த ஓதுவார் இடம், உண்ணப் போதிய ஊதியமுடையதாயிருப்பின் மறுத்திரேன். 32 ஆண்டில் இராமுறைப் பணியும் பேட்டைக் காற்றும் என் மேற்குரலிலே இரண்டு சுரம் கொண்டன, அவை மீளா. பாடுவாரைப் பசிக்கவிட்டு அவர் பத்தியைப் புகழ்தல் நம் சபைகளுக்கு எளிதாயிற்று. கோபுரத்துக்குப் பொன்பூச்சு வைக்கும் அன்பர், அக்கோயிலில் ஓதுவார் உளரா, அவர் மாதந்தோறும் என் பெறுகின்றார் என ஒருமுறை கேட்டறிவாராக.

என் மனைவியின் வாதமும் இதுவே. "உங்கள் வாழ்வைக் கண்ட பின்னரும் பிள்ளையை அங்கே விடுவதா?" என்றனள். அவள் சொல்லில் ஒரு பொய்யுமில்லை. முப்பத்தாறாம் வயதிலேதான் எனக்கு மணம் ஆயிற்று. அதற்கும் காரணம் வறுமையே. மகளோ, 2021 ஆகஸ்டில் அரசு அமர்த்திய ஓதுவார்களுள் ஒரு பெண்மணி மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்குச் சென்றதை எடுத்துக் காட்டினாள். ஒரு பெண்மணி என்றேன் யான். "ஒருவர் போன வழியில் இன்னொருவர் போகலாமே, அப்பா" என்றாள். அவளுக்கு யான் இரண்டு கட்டளை இட்டேன்: இசையோடு கணக்குப்பதிவும் கற்றல் வேண்டும், யாரேனும் தொழில் யாதென்று வினாவினால், எதுவாயினும், உள்ளதைச் சொல்லல் வேண்டும். இரண்டாவது ஏன் என்று கேட்டாள். பேருந்துக் கதையை அன்றுதான் முதன்முறை வீட்டிலே சொன்னேன். மனைவி நகைத்தனள், பின்னர் அடுக்களைக்குட் சென்று நெடுநேரம் வெளிவந்திலள். விடியுமுன் அவளே பேனாவைக் கொணர்ந்து தாளின்மேல் வைத்தனள்.

கையெழுத்திட்டபின் மகள் பெட்டியைத் திறந்து சுருதி வைத்தாள். இருவரும் புறநீர்மையிலே ஒரு பதிகம் தொடங்கினோம். இரண்டாம் பாட்டில் அவள் நிறுத்தி, "அப்பா, நீங்கள் சிறிது ஏறி நிற்கிறீர்கள்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம்.