சுருளுக்குள் காற்று

மெல்பர்னில் குளிர் இறங்குவதற்கு முன்பே கேரவன்கள் வடக்கே கிளம்பிவிடும். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய இழுவை வீட்டைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு வெயிலைத் தேடிப் போகிறார்கள். சிலர் ஆறு மாதம் திரும்புவதில்லை. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி; இங்கே அது ஓய்வூதியக்காரரின் இரண்டாவது வீடு. அதன் எடை மூன்று டன்னைத் தொடும்போது இழுக்கிற காரின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் மேலே தூக்கிக்கொள்ளும். இதை நிமிர்த்துகிற வேலையைப் பார்க்கத்தான் மெல்பர்னின் டாண்டினாங் தொழிற்பேட்டைக்குப் போயிருந்தேன்.

பட்டறைக்காரர் யாழ்ப்பாணத்தவர், ஐம்பதைத் தாண்டியவர்; எனக்கு அண்ணன். பட்டறையைக் ‘கராஜ்’ என்றுதான் சொல்வார். உதவிக்கு ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஹசாரா இளைஞன் ஒருவன், தொழில் பழகுகிறான். டாண்டினாங்கில் இப்படியொரு கூட்டணி அதிசயமில்லை; இந்தப் பகுதியின் பட்டறைகளில் பாதி உலகம் வேலை செய்கிறது.

ஹாய்ஸ்ட்டில் 200 சீரிஸ் லேண்ட் குரூசர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சேஸிஸைத் தாங்கித் தூக்கியிருந்ததால் பின் ஆக்ஸில் தன் எடையாலேயே கீழே இறங்கி, சுருள் ஸ்பிரிங் முழுக்க விரிந்திருந்தது. வேலைக்கு அந்த விரிவுதான் தேவை. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால் இன்னும் சற்று இறங்கும். அதற்கு மேல் விட்டால் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடும். பையன் ஆக்ஸிலை இறக்க இறக்க, அண்ணன் அந்த ஹோஸின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

உள்ளே போகப்போவது பாலியுரத்தேனில் செய்த உருளை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைவிடச் சற்றுப் பருமன். ஏர் பேக் என்றாலும், விபத்தில் ஸ்டீயரிங்கிலிருந்து வெடித்து விரிகிற பை அல்ல. சுருள் ஸ்பிரிங்கின் நடுவே உட்கார்ந்து, பாரம் ஏறும்போது இரும்போடு சேர்ந்து தாங்கும் துணைக் காற்றுப் பை. அமெரிக்காவின் மிச்சிகனில் 1949இல் தொடங்கிய ஏர் லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன, ஆஸ்திரேலியாவிலும் செய்கிறார்கள். அன்று மாட்டிய வகைக்குக் குறைந்தது 5 பி.எஸ்.ஐ., அதிகபட்சம் 35. கார் டயருக்கு அடிக்கிற காற்றைவிட அதிகமில்லை.

பருமனான உருளை எப்படிச் சுருளின் இடுக்கு வழியே நுழையும்? பையன் வால்வு முனையைத் திறந்து உருளையை மேசைமேல் வைத்து முழங்கையால் நசுக்கினான். காற்று போனதும் முனையை மூடியால் அடைத்துவிட்டான். திரும்பக் காற்று புக வழியில்லாததால் பை தட்டையாகவே கிடந்தது. அதை நீளவாக்கில் மடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கட்டைவிரல்களால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினான். ஸ்க்ரூடிரைவரை எடுக்கப் போனபோது அண்ணன் முறைத்தார். இரும்பு முனை பட்ட சிறு கீறல்கூடப் பிறகு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத சாலையில் கிழியும். உள்ளே போனதும் மூடியைக் கழற்றினான். ஒரு பெருமூச்சோடு பை தன் உருவத்துக்கு வந்தது. சில வண்டிகளில் சுருளின் நடுவே ரப்பர் பம்ப் ஸ்டாப் இருக்கும். அதைக் கழற்றித்தான் பைக்கு இடம் செய்ய வேண்டும்.

எனக்கு இந்த நுழைப்புதான் வித்தை என்று பட்டது. அண்ணனுக்கு அப்படி இல்லை. “அது பலம், தம்பி. மூளை இஞ்ச இருக்கு” என்று காற்றுக் குழாயைக் காட்டினார். கால் அங்குல நைலான் குழாய். அதைக் கட்டிங் பிளையரால் வெட்டக் கூடாது; நசுங்கி முனை முட்டை வடிவமாகிவிடும், இணைப்பில் காற்று கசியும். புதுப் பிளேடு போட்டு, நேர்குத்தாக, ஒரே வெட்டு. சைலன்ஸர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியாவது போக வேண்டும். ஆக்ஸில் ஏறி இறங்குவதால் தொய்வு விட வேண்டும். தொய்வு அதிகமானால் எங்காவது உரசித் தேயும். வால்வுகள் இரண்டும் பின் பம்பரில், நம்பர் பிளேட்டின் அருகே வந்து முடிகின்றன.

இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து ஒரு வால்வோடு முடித்துக்கொள்ளவும் வழியுண்டு. அரை மணி நேர வேலை மிச்சம். ஆனால் வண்டி வலப்பக்கம் திரும்பும்போது இடப்பக்கப் பை அமுங்கும். அதிலுள்ள காற்று எதிர்ப் பைக்கு ஓடும். சாய்கிற பக்கம் மேலும் சாயும். தனித்தனிக் குழாய் என்றால் அந்தந்தக் காற்று அங்கங்கேயே நிற்கும். இவர் இணைத்துக் கொடுப்பதே இல்லை. கேட்டால் வேறு இடம் பாருங்கள் என்கிறார்.

யாழ்ப்பாணத்தில் இவர் தொழில் பழகியது மொரிஸ் மைனர்களிலும் ஒஸ்டின்களிலும். அவற்றின் பின்னால் பட்டை ஸ்பிரிங். பாரம் தாங்காவிட்டால் இன்னொரு பிளேட் சேர்த்துக் கட்டுவார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் நின்றபோது, சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் அதே கார்களை ஓட்டியது ஊரறிந்த கதை. “மண்ணெண்ணெயில ஓட்டின ஆக்களுக்கு இது பெரிய வேலையே?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “ஆனா அங்க ஒருத்தரும் மூண்டு டன் வீட்டை இழுக்கேல்லை” என்றார்.

வண்டியை இறக்கி, கேரவனை மாட்டி, எடை பார்த்தார்கள். இதைப் பல கடைகள் செய்வதில்லை. சக்கரங்களுக்கு அடியில் வைக்கிற தட்டைத் தராசுகள் இவரிடம் உண்டு. பெரும்பாலோர் கண்ணால் பார்த்து, வால் நிமிர்ந்ததா, சரி, பில்லைக் கொடு என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கண் பார்வையை நம்புவதில்தான் ஆபத்து இருக்கிறது என்பது அன்று எனக்குத் தராசில் தெரிந்தது.

லேண்ட் குரூசர் 3,500 கிலோ வரை இழுக்கலாம்; கேரவனை மாட்டும் உருண்டையான டோ பால் மேல் 350 கிலோ வரை அமரலாம். இந்தக் கேரவன் பாலின் மேல் வைத்தது 320 கிலோ. பின் ஆக்ஸிலிலிருந்து பால் வரை 1.25 மீட்டர், இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவே 2.85 மீட்டர். 320ஐ 1.25ஆல் பெருக்கி 2.85ஆல் வகுத்தால் 140. வெறும் நெம்புகோல் கணக்குதான்: பின்னால் தொங்கும் பாரம் முன் சக்கரங்களிலிருந்து 140 கிலோவைத் தூக்கிவிடுகிறது, பின் ஆக்ஸிலுக்கு 320 போதாதென்று அந்த 140ம் சேர்ந்து 460 ஏறுகிறது. தராசும் ஏறக்குறைய அதையே சொன்னது. இப்போது பைகளில் 20 பி.எஸ்.ஐ. அடித்தார். வால் எழுந்தது. வண்டி தரைக்கு இணையாக, பார்க்க லட்சணமாக நின்றது. வண்டியின் உரிமையாளர் முகம் மலர்ந்தது. அண்ணன் அவரைக் கூப்பிட்டு முன் தராசைக் காட்டினார். ஒன்றிரண்டு கிலோ தவிர மாற்றமே இல்லை. ஸ்டீயரிங்கையும் பெரும்பகுதி பிரேக்கையும் சுமக்கிற முன் சக்கரங்கள் பழையபடி லேசாகத்தான் இருந்தன.

“இதைப் போட்டா இன்னும் அரை டன் ஏத்தலாம் எண்டு நினைச்சுக்கொண்டுதான் கனபேர் வருவினம்” என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். காற்றுப் பை வண்டியின் அனுமதி எடையை ஒரு கிலோகூட உயர்த்தாது. அப்படியானால் எதற்குப் போடுவது? காரணம் இருக்கிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கி ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில் இடிப்பது நிற்கும். ஷாக் அப்சார்பருக்கு மேலும் கீழும் அசைய இடம் கிடைக்கும். ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்காது. கேரவன் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு போகாது. இத்தனையும் உண்மையான பயன்கள்தாம். முன் சக்கரத்துக்கு எடை திரும்புவது இவற்றில் இல்லை.

அதற்கு வேறு சாதனம்: எடை பகிரும் ஹிட்ச். ஸ்பிரிங் எஃகுக் கம்பிகள் இரண்டு, கேரவனின் முன் சட்டத்தோடு சங்கிலியால் இழுத்துக் கட்டப்பட்டு, பாலில் விழும் பாரத்தின் ஒரு பங்கை முன் ஆக்ஸிலுக்கும் கேரவனின் சக்கரங்களுக்கும் நெம்பித் தள்ளும். உரிமையாளரிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஏர் பேக் போட்டால் அது வேண்டாம் என்று யாரோ சொன்னதால் வீட்டு ஷெட்டில் கிடந்தது! அண்ணன் அவரைத் திட்டவில்லை. எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்.

வந்ததும் முறையாகக் கட்டினார்கள். இவருடைய கைவழக்கம் இது: சாமான்களை ஏற்றிய காரை, கேரவன் இல்லாமல், முதலில் காற்றால் நிமிர்த்துவது, பிறகு மாட்டுவது, கடைசியில் கம்பிகளை இறுக்குவது. முதலில் கம்பியை இறுக்கிவிட்டுப் பிறகு காற்றடித்தால் வால் எழ எழக் கம்பி தளரும், செய்த வேலை வீணாகும். இம்முறை பைகளுக்கு 10 பி.எஸ்.ஐ. போதுமாக இருந்தது. முன் தராசில் இழந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது.

வண்டிக்குரிய தம்பதி நல்லாபார் சமவெளி வழியாகப் பெர்த் போகிறார்கள். அந்த வழியில் ஒரே நேர்கோடாக 146.6 கிலோமீட்டர் சாலை உண்டு. மதுரா என்றொரு சிற்றூரும் உண்டு, ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைக்குக் குதிரை வளர்த்த இடம். இதைக் கேட்டதும் எனக்கும் அவர்களோடு போகத் தோன்றியது. அண்ணனோ சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் அவர்களுக்கு மூன்று விஷயங்கள் சொன்னார். டயர் மாற்ற ஜாக்கி போட்டுச் சேஸிஸைத் தூக்குமுன் பைகளில் காற்றைக் குறைக்க வேண்டும். விரிந்த சுருளுக்குள் முழுக் காற்றோடு தொங்கினால் பை இழுபட்டுக் கிழியும். கேரவனைக் கழற்றிய பிறகு 5க்கு இறக்கலாம், பூஜ்யத்துக்கு விடக் கூடாது. தொளதொளத்த பையைச் சுருள் கடித்துவிடும். மூன்றாவது, கேஜ். பைக்குள் இருக்கும் காற்று அவ்வளவு கொஞ்சம் என்பதால், கேஜை வைத்து எடுக்கும்போது வெளியேறும் ‘புஸ்’ஸிலேயே ஒன்றிரண்டு பவுண்ட் குறைந்துவிடும். ஆகவே அளந்து பார்த்தால் விட்டுவிட்டுப் போகாமல் மறுபடி அடிக்க வேண்டும். டயர் கடையின் பெரிய ஏர் ஹோஸ் வேண்டாம், கண்மூடித் திறப்பதற்குள் 35ஐத் தாண்டிவிடும். சைக்கிள் பம்பே போதும்.