இனாம் ஒன்றே ஒன்று

பேஸ்பால் என்றால் வெறும் தடியடி ஆட்டம் என்றுதான் விடுதி நண்பர்கள் எண்ணுகிறார்கள். 1905-ஆம் ஆண்டு வேர்ல்ட் சீரீஸ் சாம்பியன் போட்டியை அவர்கள் அறியார்கள். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் கிறிஸ்டி மாத்யூசன் ஆறே நாட்களில் மூன்று ஆட்டங்கள் வீசி, பிலடெல்பியாவுக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை!

அக்காலத்துப் பந்து துள்ளாத பந்து, அதுவே காரணம் என்பார் உண்டு. பௌதிக மாணவனாகிய நான் பந்தின் குணத்தை மறுக்கமாட்டேன். ஐந்து ஆட்டங்களிலுமே தோற்ற அணிக்குப் பூஜ்யம்தான். ஆனால், நான்கு பந்து குறி தவறினால் எதிரிக்கு முதல் தளம் இனாம் அல்லவா? 27 இன்னிங்ஸில் மாத்யூசன் கொடுத்த இனாம் ஒன்றே ஒன்று. அதுவும் பந்தின் குணமா?

அக்டோபர் 14-இல் இறுதி ஆட்டம். எதிரணியின் பெண்டரும் அருமையாகவே வீசினார். ஜயண்ட்ஸ் 2-0 என்று வென்றது. அந்த இரண்டு ஓட்டங்களையும் எடுத்தவர்கள், பெண்டரிடம் இனாம் பெற்றுத் தளமேறியவர்கள். அவர்களில் ஒருவர் மாத்யூசனே.